பாலிஃபோனிக் சிந்தசைசரில் வாய்ஸ்களைக் கூட்ட எந்த வழி?

டிஜிட்டல் சிந்தசைசர் எழுதும்போது ஒற்றை நோட் வரை எல்லாம் சுகம்தான். நான்கு விரல்களை வைத்ததும் கரகரப்பு கிளம்பிவிடும். ஒவ்வொரு வாய்ஸும் (ஒரு நோட்டை ஒலிக்கும் தனிப் பாதை) ±1 வரை போனால் எட்டு வாய்ஸின் உச்சம் 8; வெளியீடு தாங்குவதோ ±1. இதைச் சமாளிக்கப் பல வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

எட்டால் வகுப்பது முதல் வழி. கிளிப்பிங் (எல்லையைத் தாண்டிய அலை வெட்டுப்பட்டுக் கரகரப்பது) வரவே வராது. ஆனால் ஒரு நோட் மட்டும் வாசித்தால் 18 டெசிபெல் இறங்கி ஒலிக்கும். வால்யூமைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்தந்த நேரத்தில் ஒலிக்கும் வாய்ஸ்களின் எண்ணிக்கையால் வகுப்பது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்; என் கணக்கில் இதுதான் ஆக மோசம். இரண்டாவது நோட்டைத் தொட்டதும் முதல் நோட் 6 டெசிபெல் விழும், 'டிக்' என்று சத்தம் வேறு. கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) மெதுவாக மாற்றினால் 'டிக்' போகும், ஒலி ஏறி இறங்குவது போகாது.

எட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் குறைவது 9 டெசிபெல்தான். வெவ்வேறு நோட்டுகளின் உச்சங்கள் ஒரே கணத்தில் சேர்வது அபூர்வம், அந்தத் தைரியத்தில்தான் இது ஓடுகிறது. யூனிசனில், அதாவது எல்லா வாய்ஸும் ஒரே நோட்டை ஒலிக்கும்போது, அலையை உருவாக்கும் எல்லா ஆஸிலேட்டர்களும் ஒரே கட்டத்தில் (phase, அலைச் சுழற்சியின் ஒரே இடத்தில்) தொடங்கினால் மட்டும் உச்சம் 2.8 வரை எகிறும். தொடக்கக் கட்டத்தைக் கலைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உச்சங்களை மென்மையாக மழுக்கும் டான்ஹெச் (tanh) வளைவை மொத்தக் கூட்டலின் மேல் போடுவதற்கு ரசிகர்கள் அதிகம். ஒற்றை நோட்டுக்கு இதமான சூடு கிடைக்கும். பல நோட்டுகள் சேர்ந்து ஒலிக்கும் கார்டில்தான் (chord) வில்லங்கம். சி மேஜரை எடுத்துக்கொள்ளுங்கள்: சி 261.6 ஹெர்ட்ஸ், ஈ 329.6. இரண்டும் வளைவுக்குள் கலந்ததும் ஈயின் இருமடங்கிலிருந்து சியைக் கழித்த 397.6 ஹெர்ட்ஸ் புதிதாக முளைக்கிறது. கார்டில் ஏற்கெனவே இருக்கும் ஜி 392. இரண்டும் உரசி, நொடிக்கு ஐந்தாறு முறை அதிரும். வளைவை ஒவ்வொரு வாய்ஸுக்கும் தனித்தனியாகப் போட்டால் இந்தக் கலப்பு கிடையாது, சூடு மட்டும் மிஞ்சும்.

இன்னொரு வழி, உச்சத்தை எல்லைக்குள் பிடித்து வைக்கும் லிமிட்டர். அது முன்கூட்டிப் பார்க்க 5 மில்லிநொடி எடுத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் அது 240 சாம்பிள் தாமதம். பதிவு செய்த ஒலிக்குப் பரவாயில்லை, நேரில் வாசிப்பவருக்கு பஃபர் தாமதத்தோடு இதுவும் சேரும்.

என் தேர்வு: ஃப்ளோட்டில் (தசம எண்களில்) கூட்டல், வர்க்கமூல வகுத்தல், கடைசியில் எப்போதாவது மட்டும் வேலை செய்யும் லிமிட்டர். பிரவுசரில் வெப் ஆடியோ என்றால் ஒரு விஷயம்: உரத்த ஒலியை அடக்கும் அதன் கம்ப்ரசர் தானாகவே கெயினை ஏற்றிக் கொடுக்கும், பாதுகாப்புக்குப் போட்டதே கிளிப்பிங்கை வரவழைக்கலாம். 16 பிட் முழு எண்ணில் மைக்ரோகன்ட்ரோலர் வேலையா? கூட்டலை 32 பிட்டில் வைத்து, கடைசியில் எல்லைக்குள் அடக்குங்கள். இல்லாவிட்டால் 32767-ஐத் தாண்டிய மதிப்பு −32768-க்குப் புரண்டுவிடும். அந்தச் சத்தத்துக்குச் சாதாரண கிளிப்பிங் எவ்வளவோ தேவலாம்.