மாதிரி வல்லத்துக்குப் பலகை ஒட்ட: ஃபெவிகாலா, சூப்பர் குளூவா?

தொண்டியில் வீட்டு மாடியில் ஒரு மாதிரி வல்லம், அதாவது நம் கடற்கரை மரப்படகின் சின்ன உருவம், கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏரா (அடிமரம்) வைத்து, வங்குகளை (விலா எலும்புபோல நிற்கும் குறுக்குச் சட்டங்கள்) நிறுத்தி, பலகை போர்த்தும் வேலை முடிந்துவிட்டது. முழுக்க வெள்ளை ஃபெவிகால். சூப்பர் குளூ சில சொட்டுகள் மட்டும். அடுத்த மாதிரிக்கும் இப்படித்தான் செய்வேன்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சூப்பர் குளூ நொடிகளில் பிடிக்கும். ஃபெவிகாலுக்கு அரை மணி நேரமாவது கிளிப் போட்டு வைக்க வேண்டும். பலம் இரண்டிலும் போதும், அலமாரியில் நிற்கப்போகிற படகுதானே.

எனக்கு முடிவைச் சொன்னது உப்புத்தாள். சூப்பர் குளூ காய்ந்தால் மரத்தைவிடக் கெட்டியாகிவிடும். பலகை இணைப்பில் பிதுங்கிய பசைமேல் தாளை ஓட்டினால், தாள் பக்கத்திலுள்ள மரத்தைத் தின்னும், பசை அப்படியே நிற்கும். இணைப்புக்கு இணைப்பு ஒரு மேடு, நடுவே பள்ளம். பால்சா போன்ற மெத்தென்ற மரத்தில் இது இன்னும் மோசம். மேட்டைக் கரைக்க அழுத்தித் தேய்த்தால் பலகை மெலியும். 1.5 மி.மீ. பலகை தாங்கிக்கொள்ளும். அதன்மேல் இரண்டாவது அடுக்காக 0.5 மி.மீ. தேக்குப் பட்டை ஒட்டுகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பட்டை தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிடும்.

ஃபெவிகால் அவ்வளவு கெட்டியாகாது, மரத்தோடு சேர்ந்தே தேயும். ஆனால் முழுதாகக் காயாமல் தொட்டாலோ, ஒரே இடத்தில் வேகமாகத் தேய்த்தாலோ சூட்டில் இளகித் தாளில் அப்பிக்கொள்ளும். எனவே ஒரு நாள் காயவிட்டு, பழைய ரப்பர் செருப்பை வெட்டிய துண்டில் தாளைச் சுற்றி, பலகை ஓட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக மெதுவாகத் தேய்க்கிறேன். முதலில் 120 எண் உப்புத்தாள், பிறகு அதைவிட நைசான 180, கடைசியில் பலகையின் ஓட்டத்திலேயே 240. செருப்புத் துண்டு வளைவதால் அணியத்தின் (படகின் முன்முனை) வளைவிலும் தாள் ஒட்டி நிற்கிறது.

பிதுங்கிய ஃபெவிகாலை ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிடலாம். சூப்பர் குளூவில் அது நடக்காது, மரத்துக்குள் இறங்கிவிடும். பருத்தித் துணியால் துடைக்கவே கூடாது. நிறையப் பசை பட்டால் துணி சுடும், புகையும்.

நம் கடற்கரைக் காற்றும் ஒரு காரணம். ஃபெவிகால் தண்ணீர் வற்றிக் காய்வது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரு நாள் என்பது ஒன்றரை, இரண்டு நாளாகும். சூப்பர் குளூவோ ஈரத்தை வாங்கித்தான் இறுகும். அதனால் இங்கே இன்னும் அவசரமாகப் பிடிக்கிறது. பலகையை இம்மி நகர்த்த நேரம் கிடைப்பதில்லை. இணைப்பைச் சுற்றி வெள்ளைப் பொடியாய் ஒரு படலமும் படிகிறது. திறந்த பாட்டிலும் சீக்கிரம் கெட்டியாகும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால்தான் தாக்குப்பிடிக்கும்.

சரி, சூப்பர் குளூவுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அணியத்தில் பலகை வளைந்து சேரும் இடத்தில் கிளிப் நிற்காது. வங்குகள் எல்லாவற்றிலும் ஃபெவிகால் தடவி, முனை வங்கில் மட்டும் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு அழுத்திப் பிடித்தால் அதுவே கிளிப்பாகிவிடும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கென்றால் எந்தப் பசைக்கும் முன்னால் அசிட்டோனால் துடைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அடுக்குக்கு எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசை போடுகிறவர்களும் உண்டு. சின்னத் துண்டுகளில்தான் அதைப் போட்டிருக்கிறேன், முழுப் படகுக்குப் பரிந்துரைக்க அது போதாது.

நம் வல்லங்களைப் போலப் பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் பசைக் கறை மறையும், மேடு மறையாது. பளபளப்பு எனாமலில் இன்னும் எடுப்பாகத் தெரியும். வார்னிஷ் என்றால் கறையும் காட்டிக்கொடுக்கும். அடிக்கும் முன் டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். பசை இருக்கும் இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். அங்கே 180 தாளை இன்னொரு தடவை போட்டுவிட்டு, அப்புறம் பிரஷ்ஷை எடுக்கலாம்.