ஏற்காட்டில் வாங்கிய காலிக் கூண்டு

இந்தத் தடவை ஊரிலிருந்து மெல்போர்னுக்கு நான் தூக்கி வந்தது ஒரு பித்தளைக் கிளிக்கூண்டு. வீட்டில் ஏற்கெனவே நான்கு தொங்குகின்றன. எதிலும் பறவை கிடையாது. ஒன்றில் மணிபிளாண்ட், மற்றவை சும்மா அழகுக்கு.

ஏற்காட்டில் பழைய சாமான் விற்பவர், "வெள்ளைக்காரன் காலத்துதுங்க, நூத்தம்பது வருசம்" என்றார். அது உண்மையென்றால் எனக்குத்தான் சிக்கல். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. கவிழ்த்துப் பார்த்தேன். அடித்தட்டில் மூன்று திருகாணிகள், மூன்றும் கூட்டல் குறி வெட்டிய நட்சத்திரத் தலை. அந்த வகை புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். பிற்பாடு மாற்றியிருக்கலாமே என்றால், தட்டில் வேறு பழைய ஓட்டை எதுவும் இல்லை. காட்டினேன். சிரித்துக்கொண்டே விலையைப் பாதியாக்கினார்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் கூண்டு என் மடியில்தான். "கிளி எங்கேங்க?" என்றார் கண்டக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டுப் பெரியவர், "இப்பக் கிளி வளர்த்தா ஃபாரஸ்ட்காரன் புடிச்சுட்டுப் போயிருவான்" என்றார்.

ஐந்து கம்பிகள் விட்டுப்போயிருந்தன. பாத்திரக் கடையில் எடைக்குத்தான் கேட்டார்கள். அப்புறம் அக்கா வீட்டு மாமா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த அண்ணன் வெங்காரம் தொட்டு, நெருப்பை ஊசிபோல ஒடுக்கி, கம்பிக்குக் கம்பி பற்ற வைத்தார். கொலுசு முத்தை ஒட்டிப் பழகிய கை. இப்போது தேடினாலும் ஒட்டு தெரியவில்லை. பாலீஷ் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அந்தக் கருப்புக்குத்தானே வாங்கினேன் என்றேன். ஒரு மணி நேரம், நானூறு ரூபாய், டீ அவர் கணக்கில்.

பார்சல் அனுப்பப் போன இடம்தான் மோசம். எடைக்கு இல்லையாம், பெட்டியின் அளவுக்குக் காசாம். அது கூடப் பரவாயில்லை. நான் நிற்கும்போதே கூண்டின் மேல் இன்னொரு மூட்டையை வைத்துக் கொக்கியை வளைத்துவிட்டார்கள். திருப்பி வாங்கிக்கொண்டேன். தட்டைக் கழற்றி, கூண்டுக்குள் வேட்டி, துண்டு, அக்கா சுட்ட முறுக்கு எல்லாம் திணித்துப் பெரிய பெட்டியில் போட்டேன்.

பறவை புழங்கிய பொருள் என்று மெல்போர்ன் விமான நிலையச் சோதனையில் எழுதிக் கொடுத்தேன். பெட்டி கட்டுவதற்கு முதல் நாளே வெந்நீரும் பழைய பல்துலக்கியுமாகச் சந்து சந்தாகத் தேய்த்திருந்தேன். அதிகாரி டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையும் பார்த்தார். எச்சம் எதுவும் சிக்கவில்லை. முறுக்குத் தூள்தான் இருந்தது.