38,500 ரூபாய் போச்சு: நியூஸ்லெட்டர் ஆட்டோமேஷன் செய்து தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிங்க

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சின்னதாகத் தொழில் வைத்துக்கொண்டு வாராவாரம் மெயில் அனுப்புகிறவர்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து முழுசாகப் படிங்க. நேற்று வியாழக்கிழமை. காலை 7 மணிக்குப் போக வேண்டிய எங்கள் வார இதழ் இரண்டாவது வாரமாகப் போகவில்லை. 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டவர் போனை எடுக்கவில்லை. கடைப் பெயரை எழுதப் போவதில்லை. காட்பாடி பக்கம், வெப்சைட்டும் செய்து 'நோ-கோட் ஆட்டோமேஷன்' (கோடு எழுதாமலே வேலைகளைத் தானாக ஓட வைப்பது) என்று போர்டும் மாட்டியிருக்கிற ஒரு கடை. இந்த மாதிரிக் கடைகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கின்றன, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் இதழ் தோல், காலணி ஜாப் வொர்க் யூனிட்டுகளுக்கானது. எங்கே அப்பர் (காலணியின் மேல்பாகம்) தையலுக்கு ஆள் வேண்டும், யாரிடம் தோலின் ஓரத்தைச் சீவுகிற ஸ்கைவிங் மெஷின் விற்பனைக்கு இருக்கிறது, லைனிங்கும் பசையும் இந்த வாரம் என்ன விலை, இதெல்லாம் வரும். மேல்விஷாரத்திலிருந்து பேரணாம்பட்டு வரை 1,860 பேர் வாங்குகிறார்கள். இத்தனை நாளும் ஜிமெயிலில் பிசிசி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. ஆக 1,860 பேருக்கு அனுப்பி முடிக்க நான்கு நாள், திங்களிலிருந்து வியாழன் வரை. திங்கள் பார்த்தவருக்கு வேலை கிடைக்கும், வியாழன் பார்த்தவர் போன் போட்டால் "ஆள் எடுத்தாச்சு" என்பார்கள். இது நியாயமில்லை என்றுதான் ஆட்டோமேஷனுக்குப் போனோம்.

பேசியது இரண்டு வேலை. ஒன்று, கூகுள் ஃபார்மில் ஒருவர் பதிந்தால் ஷீட்டில் விழுந்து, அங்கிருந்து ஆட்டோமேஷன் டூல் எடுத்து, மெயில் அனுப்பும் சேவையின் லிஸ்ட்டில் சேர்த்து, ஒரு வரவேற்பு மெயில் அனுப்ப வேண்டும். இரண்டு, வியாழன் காலை 7 மணிக்கு அந்த வாரத்து டாக்குமென்ட்டை எடுத்து எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். செட்டப் கூலி 24,500, 'டூல் லைசென்ஸ் ஒரு வருஷம்' 14,000, மொத்தம் 38,500 ரூபாய். 20,000 யுபிஐயில் அட்வான்ஸ், மீதி 18,500 ஒப்படைக்கும் அன்று ரொக்கம். மெயில் அனுப்பும் சேவைக்கு மாதச் சந்தா தனி, அதை நாங்களே நேரடியாகக் கட்டினோம். இதில் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான்.

ஜூலை 1, மதியம், கடையில் டெமோ. என் போனை வாங்கி ஃபார்மை அவரே நிரப்பினார். லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் வேலையின் ஒவ்வொரு படிக்கும் ஒன்றாக இருந்த வட்டங்கள் வரிசையாகப் பச்சை ஆயின. வாங்கி வைத்த டீயில் ஒரு வாய் குடிப்பதற்குள் என் போனில் வரவேற்பு மெயில் வந்துவிட்டது, அதுவும் இன்பாக்ஸில். "அண்ணா, இனிமே நீங்க வியாழக்கிழமை காலைல தூங்கினு இருந்தாகூட மெயில் பாட்டுக்குப் போய்னே இருக்கும்" என்றார். 18,500 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

அந்த இடத்தை நிதானமாகப் பாருங்கள், ஏமாற்று அங்கேதான் இருந்தது. அவர் தட்டியது 'ஒரு முறை ஓட்டு' என்கிற பட்டன். கையால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வைத்திருப்பது அது. தானாக ஓடுமா, எத்தனை நாள் ஓடும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெயில் இன்பாக்ஸில் விழுந்ததும் சாட்சி ஆகாது. அந்த மெயில் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதோடு கொட்டேஷன் சம்பந்தமாக நான் ஏற்கெனவே பத்துப் பதினைந்து மெயில் பேசியிருந்தேன். நாம் பதில் போட்டுப் பழகிய முகவரியை ஜிமெயில் பெரும்பாலும் ஸ்பேமில் தள்ளாது. முன்பின் அறியாத 1,860 பேர் விஷயம் வேறு.

ஜூலை 3 இதழ் போனது. ஜூலை 10 போனது. ஜூலை 17 போகவில்லை. பேரணாம்பட்டிலிருந்து ஒரு தையல் யூனிட்காரர் பதினோரு மணிக்கு போன் செய்து "இந்த வாரம் புக் வரலையே சார்" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும். இரண்டு நாள் கெஞ்சிய பிறகு கடைக்காரர் தன் திரையைப் பகிர்ந்து காட்டினார். அதில் ஓட்டங்களின் பட்டியல் இருந்தது. 12:15, ஒரு ஆபரேஷன் (டூல் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் போடுகிற கணக்கு). 12:30, ஒரு ஆபரேஷன். 12:45, ஒரு ஆபரேஷன். பகல், ராத்திரி, விடியற்காலை, எல்லா நேரத்திலும் இதே வரி. எல்லாமே காலி ஓட்டம். புதிதாக யாரும் பதியாத நேரத்திலும் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டூல் ஷீட்டைத் திறந்து "யாராவது வந்தார்களா" என்று பார்த்திருக்கிறது. பார்த்தாலே ஒரு ஆபரேஷன் கணக்கு. மணிக்கு 4, நாளைக்கு 96. கீழே ஒரு பட்டை: 1,000-க்கு 1,000 தீர்ந்தது.

மாதம் 1,000 ஆபரேஷன் என்பது அந்த டூலின் இலவசத் திட்டம். 14,000 ரூபாய் லைசென்ஸ் என்று வாங்கிக்கொண்டு இலவசக் கணக்கில் ஓட்டியிருக்கிறார். 96-ஆல் வகுத்துப் பாருங்கள், பத்து நாளுக்கு மேல் தாங்காது. புதிதாக ஒருவர் பதிந்தால் லிஸ்ட்டில் சேர்க்க ஒன்று, வரவேற்பு மெயிலுக்கு ஒன்று, அது வேறு. ஜூலை 1 மதியம் தொடங்கியது, 11-ஆம் தேதி நின்றுவிட்டது. வரம்பு கணக்கு முழுவதற்கும் சேர்த்துத்தான் என்பதால் வியாழக்கிழமை இதழ் அனுப்பும் ஓட்டமும் அதோடு நின்றது. வரம்பு தீர்கிறது என்று டூல் அனுப்பும் எச்சரிக்கை எங்களுக்கு ஏன் வரவில்லை? கணக்கே அவர் மெயிலில் இருந்தது. 38,500 ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியது அவர் வீட்டுச் சாவியோடு அவர் வீட்டிலேயே இருக்கிறது.

ஜூலை 19 சனிக்கிழமை ராத்திரி 'சரி பண்ணிட்டேன்' என்று மெசேஜ். என்ன செய்தார் தெரியுமா? இன்னொரு இலவசக் கணக்கு. புதிதாக இணைக்கும்போது எந்த வரியிலிருந்து தொடங்குவது என்று டூல் கேட்கும். 'இப்போதிலிருந்து' என்று கொடுக்க வேண்டும். இவர் 'எல்லாம்' என்று கொடுத்து, ஒரு ஓட்டத்துக்கு எத்தனை வரி என்பதையும் ஆயிரக்கணக்கில் ஏற்றிவிட்டார். ஷீட்டில் 'அனுப்பியாச்சு' என்று குறிக்கிற ஒரு பத்தியோ, அதைப் பார்த்து விலக்குகிற ஃபில்டரோ வைக்கவே இல்லை. பல வருஷமாக வாங்குகிற ஆட்களுக்கு ராத்திரி பத்தரை மணிக்கு "புதிதாக இணைந்ததற்கு வணக்கம்" என்று மெயில். ஆளுக்கு இரண்டு ஆபரேஷன் வீதம் கிட்டத்தட்ட 500 பேருக்குப் போனதும் அந்த 1,000-மும் தீர்ந்து நின்றது. தீராமல் இருந்திருந்தால் 1,860 பேருக்கும் போயிருக்கும்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து கறாராகச் சொல்கிறது. எங்கள் லிஸ்ட் முழுக்க ஜிமெயில் என்று வைத்துக்கொண்டால், ஆறே பேர் 'ஸ்பேம்' என்று அழுத்தினால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ராத்திரி பத்தரைக்கு வந்த சம்பந்தமில்லாத மெயிலை 500 பேரில் எத்தனை பேர் அழுத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அதைவிட மோசம் டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் நம் பெயர்) பதிவுகள். எங்கள் ஆபீஸ் மெயிலுக்காக ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் வரி இருந்தது. நம் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது அது. புதிய அனுப்பும் சேவைக்கு என்று இவர் இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் வரியைப் போட்டுவிட்டார். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் வாங்கும் சர்வர் எதையும் எடுத்துக்கொள்ளாது, நிரந்தரப் பிழை என்று வைத்துவிடும். புதிய சேவையின் 'இன்க்ளூட்' பகுதியைப் பழைய வரிக்குள்ளேயே, கடைசியில் வரும் 'ஆல்' சொல்லுக்கு முன்னால் செருக வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்க வாங்கும் சர்வர் செய்கிற டிஎன்எஸ் தேடல் (டொமைன் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது) மொத்தத்தில் பத்துக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான் வேலை, ஐந்து நிமிஷம். அதைத் தப்பாகச் செய்ததால் நியூஸ்லெட்டருக்குச் சம்பந்தமே இல்லாத எங்கள் அன்றாட ஆபீஸ் மெயில், கொட்டேஷன் உட்பட, ராணிப்பேட்டைக்காரர் ஒருவரின் ஸ்பேமில் கிடந்தது.

டிகேஐஎம் வரியிலும் அரைகுறை. மெயில் நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டுகிற டிஜிட்டல் கையெழுத்துக்கான வரி அது. பெயர் கட்டத்தில் சேவை கொடுத்த முன்பகுதியை மட்டும் போட வேண்டும், டொமைன் பெயரை, பதிவுகளைத் திருத்துகிற பேனலே பின்னால் ஒட்டிக்கொள்ளும். இவர் முழுசாக ஒட்டியதால் டொமைன் பெயர் இரண்டு தடவை வந்துவிட்டது. அனுப்பும் சேவையில் அது 'சரிபார்க்கப்படவில்லை' என்றே இருபத்திநாலு நாளாக மஞ்சளில் நிற்கிறது. எங்கள் பெயரில் கையெழுத்து இல்லாமல்தான் 3-ஆம் தேதியும் 10-ஆம் தேதியும் இதழ் போயிருக்கிறது. இதைப் பார்க்க யாரும் தேவையில்லை. வந்த மெயிலை ஜிமெயிலில் கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (முந்தைய இரண்டில் ஒன்றாவது அனுப்புநர் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனை) மூன்றுக்கும் பாஸா ஃபெயிலா என்று மேலேயே இருக்கும். டிகேஐஎம் பக்கத்தில் உங்கள் டொமைன் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு பெயர் இருந்தால் அந்தப் பாஸ் உங்களுக்கு உதவாது. ஒப்படைக்கும் அன்றே இதைப் பார்த்திருக்க வேண்டியது நான்.

இனி அவர் சொன்ன பதில்கள். முதல் நாள்: "கூகுள் சைடுல இஷ்யூ சார்." இரண்டாம் நாள்: "நீங்க ஷீட்ல கை வச்சீங்களா?" வைக்கவில்லை. வைத்திருந்தாலும் ஓட்டப் பட்டியலில் சிவப்பாகப் பிழை நின்றிருக்கும், அங்கே பிழையே இல்லை, வரம்புதான் தீர்ந்திருந்தது. பிறகு: "செட்டப் பண்ண பையன் லீவு, திங்கக்கிழமை வந்துடுவான்." திங்கள்: "சார், பெரிய ப்ளானுக்கு மாறணும், வருஷத்துக்கு இன்னொரு 9,000 ஆகும்." அப்போது அந்த 14,000 எங்கே என்று கேட்டேன். "அது செட்டப்ல சேந்துடுச்சி சார்." பில் கேட்டேன். "அனுப்பறேன்." 22-ஆம் தேதி நேரில் போனேன், "ஓனர் சென்னை போயிருக்காரு" என்று ஒரு பெண் சொன்னார், உள்ளே அவர் குரல் கேட்டது. முன்பு "அண்ணா" என்றவர் பணம் கேட்ட நாளிலிருந்து "சார்". நேற்று ஏழு தடவை போன் போட்டேன். 38,500 ரூபாய் அவருக்குப் பெரிய தொகையாக இல்லாமல் இருக்கலாம், எங்கள் இதழுக்கு அது ஐந்து மாதச் செலவு.

பத்து யோசனையாவது விளக்கமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இது மட்டும்:

கணக்கு எல்லாம் உங்கள் மெயிலில், உங்கள் கார்டில். செய்து தருகிறவரை விருந்தாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் நீக்குங்கள். லைசென்ஸ் பணத்தை அவர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஷீட்டை நேரம் வைத்துப் பார்க்கிற ட்ரிக்கர் வேண்டாம், யாராவது பதியும்போது மட்டும் தட்டுகிற வெப்ஹுக் கேளுங்கள். காலி ஓட்டம் இருக்காது. இன்னும் சொன்னால், மெயில் அனுப்பும் சேவையிலேயே பதிவு ஃபார்மும் வரவேற்பு மெயிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் சேவையில் இரண்டும் இருக்கிறது. நடுவில் டூலே தேவைப்பட்டிருக்காது.

மூன்றில் ஒரு பங்குப் பணத்தை நான்கு இதழ் தானாகப் போன பிறகு கொடுங்கள். பில் இல்லாமல் ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு தட்டிவிடப் பார்க்கும். சொந்தப் பிழைப்புக்காக நாமே நடத்தும் தொழில் என்று காட்டுகிற காகிதங்களை எடுத்து வையுங்கள். வாட்ஸப் பேச்சு, யுபிஐ ரசீது, ஓட்டப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். நான் திரைப் பகிர்வின்போது போட்டோ எடுத்து வைத்தேன், இல்லையென்றால் அந்த 1,000-க்கு 1,000 பட்டையும் இப்போது என்னிடம் இருக்காது.

எங்கள் வாசகர்களுக்கு: இரண்டாவது எஸ்பிஎஃப் வரியை இன்று காலையே எடுத்துவிட்டேன், டிகேஐஎம் பெயரையும் திருத்திவிட்டேன். சரிபார்ப்பு பச்சை ஆனதும் விட்டுப்போன 17, 24 இரண்டு இதழ்களையும் சேர்த்து ஒரே மெயிலாக, கையால் அனுப்புகிறேன். சனிக்கிழமை ராத்திரி வந்த அந்த மெயிலை யாராவது ஸ்பேம் என்று போட்டிருந்தால், ஸ்பேம் பெட்டியில் திறந்து 'ஸ்பேம் இல்லை' என்று ஒரு தடவை அழுத்திவிடுங்கள்.