பகற்காட்சியும் கொரியச் சாப்பாடும்: பாளையங்கோட்டையில் ஒரு ஞாயிறு

விடுமுறை நாளில் திருநெல்வேலிச் சந்திப்புப் பக்கம் ஒரு படம் பார்த்துவிட்டு, ஆற்றைக் கடந்து பாளையங்கோட்டைக்கு வந்து கொரிய உணவு சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவது, இங்குள்ள கல்லூரி மாணவிகளிடையே இப்போது பழகிப்போன ஒரு திட்டம். கல்லூரியை விட்டு வெகுகாலமாகிவிட்ட நானும் என் தோழியும், அவள் மகள் வீட்டில் ஓயாமல் ஓடவிடும் கொரியத் தொடர்களின் புண்ணியத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வழியில் போனோம். படத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. முதல் பாதி கலகலப்பாகவும் இரண்டாம் பாதி சற்று இழுவையாகவும் அமைந்த ஒரு தமிழ்க் குடும்பப் படம் அது. படம் பார்த்த இடமும் சாப்பிட்ட இடமுமே இந்தக் குறிப்புக்கு உரியவை. அவற்றிலும் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

திரையரங்கு அண்மையில் புதுப்பிக்கப்பட்டது. இருக்கைகள் வசதியாக இருக்கின்றன, முன்வரிசையில் இருப்பவரின் தலை மறைக்காத அளவுக்குச் சரிவு இருக்கிறது, திரையும் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஒலியை வைத்திருக்கும் அளவு காதுக்குத் தாங்கவில்லை. இருவர் மெதுவாகப் பேசும் காட்சியிலும் பின்னணி இசை வசனத்தை விழுங்கியது. இடைவேளைக்குப் பிறகு குளிர்சாதனத்தைக் குறைத்துவிடும் பழக்கமும் இங்கே இருக்கிறது. நெல்லை வெயிலில் பகற்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் குளிர்ச்சிக்காகவும்தான் வருகிறார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருக்காது.

வெளியிலிருந்து உணவு கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். அப்படித் தடுக்கத் திரையரங்குகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டதால் அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் பார்வையாளர்களுக்குச் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே வழக்கில் சொல்லப்பட்டதுதான். இந்த அரங்கில் குடிநீர்க் குழாய் இருக்கிறது. கழிப்பறைக்குப் போகும் வழியில், வெளிச்சம் குறைந்த ஒரு மூலையில், டம்ளர் இல்லாமல் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் விற்கும் கடைக்கு மட்டும் விளக்கு வெளிச்சம் தாராளம்.

காட்சி முடிந்து வெளியே வரும்போது மணி இரண்டு. அந்த நேரத்தில் சுலோசன முதலியார் பாலத்தில் நெரிசல் குறைவு என்பதால் ஆட்டோ விரைவாக வண்ணார்பேட்டையைத் தாண்டிவிட்டது. உணவகம் பாளையங்கோட்டையில் ஒரு கடையின் மாடியில் இருக்கிறது. சிறிய இடம், நெருக்கமான மேசைகள், ஒரு சுவர் முழுக்கப் பிடிஎஸ் என்ற கொரிய இசைக்குழுவின் பாடகர்களுடைய படங்கள். இத்தகைய கடைகளில் சுவருக்குச் செலவிட்ட அக்கறையை அடுப்புக்குச் செலவிட்டிருக்க மாட்டார்கள் என்ற ஐயத்தோடுதான் உட்கார்ந்தேன். சமையற்காரர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியர்கள் சாப்பிட வரும் உணவகம் ஒன்றில் வேலை பார்த்தவர் என்று பரிமாறிய தம்பி சொன்னபோது அந்த ஐயம் கொஞ்சம் குறைந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரத்துக்கு வந்து தங்கிய கொரியக் குடும்பங்களை நம்பித்தான் சென்னையின் கொரிய உணவகங்கள் வளர்ந்தன. அங்கே தவறாகச் சமைத்தால் வாடிக்கையாளரே கண்டுபிடித்துவிடுவார். நெல்லையில் அப்படிப்பட்ட வாடிக்கையாளர் இல்லை. இங்கே வருகிற பெரும்பாலோர் அந்தச் சாப்பாட்டைத் திரையில் மட்டுமே பார்த்தவர்கள் என்பதால், எதைக் கொடுத்தாலும் கொரியச் சாப்பாடு என்று ஏற்றுக்கொள்ளப்படும் அபாயம் இருக்கிறது. ஆகவே, எந்தெந்தப் பண்டத்தில் சமையற்காரர் தான் கற்றதை விடாமல் பிடித்திருக்கிறார், எதில் நம்மூர் நாக்குக்குப் பயந்து விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று பார்ப்பதே இந்தக் கடையை எடைபோடச் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வந்தது தொக்போக்கி, விலை 180 ரூபாய். விரல் நீளத்துக்கு உருட்டிய அரிசி மாவுத் துண்டுகளைக் கோச்சுஜாங் என்ற சிவந்த விழுதில் கொதிக்கவைத்துக் கொண்டுவருகிறார்கள். ஒரு துண்டை வாயில் போட்டதும் தோழி, "ஏட்டி, இது நம்ம பிடிகொழுக்கட்டைல்லா!" என்றாள். அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் மென்றால் வேறுபாடு தெரியும். கொரியர்கள் பயன்படுத்தும் குட்டை அரிசியில் ஒட்டும் தன்மை அதிகம். அதன் மாவை அவித்து, அடித்துப் பிசைந்து உருட்டுவதால் துண்டு பல்லுக்கு இழுபட்டுக் கொடுக்கிறது. இந்தக் கடையில் அந்த இழுவை சரியாக இருந்தது. சூடு ஆறினால் துண்டுகள் இறுகிவிடும் என்பதால் இதைப் படம் எடுத்துக்கொண்டிருக்காமல் வந்தவுடன் சாப்பிட வேண்டும். எங்களுக்குப் பக்கத்து மேசையில் இருந்த பிள்ளைகள் படம் எடுத்து முடித்தபோது அவர்களுடைய தட்டு ஆவி அடங்கிக் கிடந்தது.

நிறத்தைப் பார்த்துக் காரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. கொரிய மிளகாய் விதை நீக்கி உலர்த்திக் கொரகொரப்பாகப் பொடிக்கப்படுவது. நிறம் அடர்த்தி, உறைப்பு நம் சம்பா மிளகாயைவிடக் குறைவு, ஓரத்தில் ஓர் இனிப்பு உண்டு. அதே மிளகாயின் பொடியோடு புளிக்கவைத்த சோயா மாவும் பசையரிசியும் உப்பும் சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைப்பதுதான் கோச்சுஜாங். "அக்கா, காரம் கூட்டித் தரட்டுமா?" என்று தம்பி கேட்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட்டுவதற்கு அவர்கள் சேர்ப்பது சாதாரண மிளகாய்ப் பொடி என்பதைப் பக்கத்து மேசையின் இருமலே தெரிவித்தது. அப்படிச் சேர்த்துவிட்டால் ஊறலின் மணம் அமுங்கி, வெறும் எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

இந்தப் பண்டத்தில் எனக்கு உண்டான மனக்குறை வேறு. தொக்போக்கியைக் கொரியாவில் பெரும்பாலும் உலர்ந்த நெத்திலியையும் கடற்பாசியையும் கொதிக்கவைத்து இறுத்த சாற்றில்தான் செய்கிறார்கள். அந்தக் குழம்பின் அடிச்சுவை அங்கிருந்தே வருகிறது. இங்கே காய்கறி வேகவைத்த நீரைப் பயன்படுத்துகிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களும் கூட்டமாக வருவதால் எல்லாருக்கும் ஒரே அடுப்பில் ஒரே சாறு என்பது நிர்வாகத்துக்கு வசதி. அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் ஒரு மணி நேரத் தொலைவில் தூத்துக்குடி இருக்கிறது, நெத்திலிக் கருவாடு நம் சந்தைகளில் எப்போதும் கிடைக்கிறது, அதைத் தலையும் குடலும் கிள்ளி வறுத்துப் பழகிய கைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. கொரியச் சமையலுக்குத் தேவையான பொருள்களில் கப்பலேறி வர வேண்டியவற்றையெல்லாம் வரவழைத்துவிட்டு, காலடியில் கிடக்கும் ஒன்றை விட்டுவைப்பது எனக்கு வினோதமாகவே பட்டது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நெத்திலிச் சாற்றில் தனியாக ஒன்று செய்து, இருபது முப்பது ரூபாய் கூட்டி விற்றாலும் வாங்கத் தயாராக இருக்கிறேன். கல்லாவில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். "கருவாட்டு வாடைன்னு பிள்ளைங்க ஓடிரும்மா" என்று சிரித்தார். திருநெல்வேலிச் சீமையில் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

கிம்ச்சி சிறு கிண்ணம் 50 ரூபாய். கொரியாவில் இத்தகைய தொடுகறிகள் சாப்பாட்டோடு சேர்த்தே வருபவை, கேட்டால் திரும்பவும் வைப்பார்கள். இங்கே ஒவ்வொரு கிண்ணத்துக்கும் விலை. பொரியலும் கூட்டும் கேட்கக் கேட்க வைக்கும் சாப்பாட்டுக் கடைகளில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஆனால் கிம்ச்சியில் குறை சொல்ல முடியவில்லை, இந்தக் கடையின் சிறந்த பண்டம் அதுதான். உப்பில் வாடவைத்த கோஸில் மிளகாய்ப் பொடி, பூண்டு, இஞ்சி, உப்பிட்ட இறாலோ மீன்சாறோ சேர்த்துத் தடவி மூடிவைத்தால், லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. கொரியாவில் குளிர்காலம் தொடங்கும் முன் குடும்பங்களும் அயலாரும் கூடி அந்தப் பருவத்துக்கான கிம்ச்சியைப் போட்டுவைக்கும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பானைகளை மண்ணில் புதைத்து அந்தக் குளிரில் மெல்லப் புளிக்கவிடுவது பழைய முறை. நம்மூர் வெப்பத்தில் அதே கலவையை மேசைமேல் வைத்தால் ஓரிரு நாளில் கடும்புளிப்பாகிவிடும். இவர்கள் ஒரு நாள் வெளியே வைத்துப் பிறகு குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார்கள். அந்த ஒழுங்கு சுவையில் தெரிந்தது: புளிப்பு அளவாக இருந்தது, இலை மொறுமொறுப்பு இழக்கவில்லை, நாக்கில் லேசாகச் சுர்ரென்றது. நீண்ட இலைகளைக் கொண்ட நாப்பா கோஸையே பயன்படுத்துகிறார்கள். மகாராஜநகர் உழவர் சந்தையில் நான் அதைக் கண்டதில்லை, வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ஐம்பது ரூபாயை அதற்கான விலையாக எண்ணிக்கொண்டால் உறுத்தல் போய்விடுகிறது. மீன்சாறு இதில் உண்டு என்பதால் சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பட்டியலில் பச்சைப் புள்ளி போட்டிருக்கிறார்கள், அது உடனே திருத்தப்பட வேண்டியது.

பிபிம்பாப் 240 ரூபாய். சோற்றின்மேல் கேரட், கீரை, முளைப்பயறு, காளான், பொரித்த முட்டை ஆகியவற்றை வட்டமாக அடுக்கி, நடுவில் கோச்சுஜாங் வைத்துத் தருவது. இதற்கு உரிய கல் கிண்ணத்தைக் கொரியாவிலிருந்து தருவிக்காமல், சேலம் பக்கத்து மாக்கல் சட்டியை அடுப்பில் காயவைத்துப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. கல்சட்டி சூட்டை விடாது. வந்தவுடன் கிளறாமல் சிறிது நேரம் விட்டுவைத்தால் அடிச்சோறு நல்லெண்ணெயில் முறுகிப் பொன்னிறமாகிறது, அந்தக் காந்தலுக்காகவே இதைச் சாப்பிடலாம். சோறு மட்டும் நம் பொன்னி அரிசி என்பதால் உதிரி உதிரியாக இருந்தது. எள்ளெண்ணெய் மணம் கொரியர்களுக்கும் நமக்கும் பொதுவானது என்றாலும், அவர்கள் வறுத்த எள்ளில் எடுப்பதால் அது இன்னும் தூக்கலாக இருக்கும். கடைக்காரர் செக்கு எண்ணெயோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். பெரிய குறையில்லை.

எங்களைச் சுற்றியிருந்த பலர் குச்சிகளால் சோற்றை அள்ள முயன்று சிந்திக்கொண்டிருந்தார்கள். அது தேவையே இல்லை. கொரியர்களே சோற்றையும் சாற்றையும் கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள். குச்சி, அதுவும் தட்டையான உலோகக் குச்சி, தொடுகறிகளை எடுப்பதற்கு. ஆகவே கரண்டி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தம்பியும் முகம் சுளிக்காமல் கொடுத்தார்.

கோழி வறுவல் 260 ரூபாய், சுமாராகத்தான் இருந்தது. இருமுறை பொரிப்பதால் வரவேண்டிய மெல்லிய, கண்ணாடி உடைவதைப் போன்ற ஓடு இருந்தது. ஆனால் மேலே பூசிய சாறில் தக்காளி சாஸ் கையை மீறிவிட்டது. அதோடு தரவேண்டிய முள்ளங்கி ஊறலுக்குப் பதிலாக மயோனைஸ் வந்தது. பட்டியலில் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தப்பட்டிருக்கும் ராம்யன் நூடுல்ஸை நாங்கள் கேட்கவே இல்லை. பாக்கெட்டைப் பிரித்துக் கொதிக்கவைத்து ஒரு முட்டையும் ஒரு துண்டு சீஸும் போட்டு 200 ரூபாய் வாங்குகிறார்கள். அதே பாக்கெட் நகரத்துப் பேரங்காடிகளில் கிடைக்கிறது, வீட்டில் ஐந்து நிமிட வேலை. பாலும் ஸ்ட்ராபெர்ரிப் பாகும் கலந்த பானம் ஒன்றை ஆளுக்கு 80 ரூபாய் கொடுத்துக் குடித்தோம். தித்திப்பு அதிகம், வெயிலுக்கு ஒத்துக்கொண்டது.

வரி உட்பட இருவருக்கும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. முதன்முறை போகிறவர்கள் தொக்போக்கி ஒன்று, கல்சட்டிப் பிபிம்பாப் ஒன்று, கிம்ச்சி இரண்டு கிண்ணம் என்று வாங்கினால் இருவருக்குப் போதும், செலவும் அறுநூறைத் தாண்டாது. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இங்கே சமைப்பதில்லை. மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வது சிரமம், லிஃப்ட் இல்லை. வண்டி நிறுத்த இடம் கிடையாது, தெருவோரத்தில்தான் விட வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் மாணவிகள் கூட்டம் படிவரை நிற்குமாம். பகற்காட்சி முடிந்த கையோடு மூன்று மணிக்குள் போய்விட்டால் மேசையும் கிடைக்கும், சமையற்காரருக்கும் கல்சட்டியைப் பொறுமையாகக் காயவைக்க நேரம் இருக்கும்.