கூட்டுச் சொத்தைப் பிரிக்க எந்தப் பத்திரம்? பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மென்ட், வழக்கு: ஓர் ஒப்பீடு

அப்பா காலமாகி, சொத்து பிள்ளைகள் பெயரில் கூட்டாகக் கிடக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது "எதில் செலவு குறைவு?" என்பதைத்தான். தமிழ்நாட்டில் இதைக் கேட்டு முடிவெடுப்பதில் பெரிய பலன் இல்லை. 2023 ஜூலை முதல் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சும்மா கொடுப்பது) மூன்றுக்குமே முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1%, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1%, உச்சவரம்பு 10,000 ரூபாய். பாகப்பிரிவினையில் மட்டும் இந்த உச்சவரம்பு பங்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. 'குடும்பம்' என்பதற்குள் யார் யார் வருவார்கள் என்பது பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நிஜமாகப் பார்க்க வேண்டியது வேறு. பதிவான மறுநாள் சொத்தில் யார் பெயர் நிற்கும், யாருடைய உரிமை போகும், யார் கையெழுத்து விடுபட்டால் எல்லாம் சிக்கலாகும்?

முதலில் பங்காளிகள் யார்?

இதில் தவறினால் எந்தப் பத்திரம் எழுதினாலும் ஓட்டைதான். அப்பாவின் சுயார்ஜித (தானே சம்பாதித்த) சொத்து, உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சம பங்கு. மனைவி, இரண்டு மகன், ஒரு மகள், பாட்டி என்றால் ஆளுக்கு 1/5. பலரும் மறந்துபோவது பாட்டியைத்தான். மகன் இறந்த அன்று பாட்டி உயிரோடு இருந்து, பிறகு உயில் எழுதாமல் காலமானால், அவருடைய 1/5 அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது சித்தப்பாவும் அத்தையும் உங்கள் வீட்டில் பங்குதாரர்கள். அவர்கள் கையெழுத்து இல்லாத பாகப்பிரிவினை அவர்களைக் கட்டுப்படுத்தாது.

இன்னொரு தவறான நம்பிக்கை: "இரண்டு பேர் பெயரில் இருந்தால் ஒருவர் போனபின் மற்றவருக்கே முழுசும்." வாரிசாக வந்த சொத்தில் அப்படி இல்லை; அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு வாரிசுகள் தனித்தனிப் பங்குடன் எடுப்பதாகத்தான் சொல்கிறது. கணவன் மனைவி சேர்ந்து கிரயம் வாங்கிய வீட்டிலும், பத்திரத்தில் தெளிவாக வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, இறந்தவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்கே. யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் சம பங்கு என்றே சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 45-ஆம் பிரிவு அனுமானிக்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில் பங்கு விகிதம் வேறு. கீழே சொல்லும் பத்திர வகைகள் அவர்களுக்கும் இவையே.

பாகப்பிரிவினையா, விடுதலையா?

பெரும்பாலான குடும்பங்களின் நிஜமான தேர்வு இந்த இரண்டுக்கும் நடுவில்தான். எல்லோரும் ஆளுக்கொரு துண்டோடு வெளியே வர வேண்டும் என்றால் பாகப்பிரிவினை. ஒருவர் பணம் வாங்கிக்கொண்டோ வாங்காமலோ விலகி, மற்றவர் இடத்தை வைத்துக்கொள்வதென்றால் விடுதலை.

பாகப்பிரிவினையில் அத்தனை பங்குதாரர்களும் கையெழுத்திட வேண்டும். அ, ஆ, இ என்று ஷெட்யூல் (சொத்து விவரப் பட்டியல்) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், நான்கெல்லை, அளவு எழுத வேண்டும். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஷெட்யூலில்தான். 200 அடி நீளமுள்ள 30 சென்ட் மனையை மூன்று பேர் முன், நடு, பின் என்று பிரிக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 10 சென்ட் என்று எழுதிவிடுகிறார்கள். பின்னால் இருப்பவர் வீட்டுக்குப் போக 12 அடிப் பாதை வேண்டுமே? பாதை மனையின் கடைசிவரை போவதானால், 12-ஐ 200-ஆல் பெருக்கி 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் பாதைக்கே சுமார் 5.5 சென்ட். மிச்சம் 24.5. ஆளுக்கு 8 சென்ட்டும் கொசுறும்தான். பத்திரத்தில் 10, தரையில் 8. இந்த இடைவெளிதான் அடுத்த தலைமுறையின் வழக்கு. பாதையைத் தனி ஷெட்யூலாக, பொதுவில் வைத்து, அகலம் நீளத்தோடு எழுதுங்கள். கிணறு, போர், மின் இணைப்பு இருந்தால் யார் பழுது பார்ப்பது, செலவு எப்படி என்பதும் அதிலேயே வரட்டும். பத்திரம் எழுதும் முன்பே சர்வேயரை வைத்து அளந்து கல் நடுவது எவ்வளவோ மேல்.

விடுதலைப் பத்திரம் எளிது. எல்லையைத் தொட வேண்டியதில்லை, விலகுபவர் தன் பிரிபடாத பங்கை விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த எளிமைக்குள் இரண்டு கண்ணி உண்டு. ஒன்று, பிதுரார்ஜித (முன்னோர் வழி வந்த) கூட்டுக்குடும்பச் சொத்தில் உள்ள பிரிபடாத பங்கைக் கைமாறு (பதிலுக்குப் பணமோ பொருளோ) இல்லாமல் ஒரு சகோதரனுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டால் மற்றப் பங்காளிகள் அனைவருக்கும் சேரும். 1987-இல் உச்ச நீதிமன்றம், ஒரு பங்காளி தன் சகோதரனுக்கு எழுதிய தானத்தை இப்படித்தான் எல்லோருக்குமான துறப்பாக எடுத்துக்கொண்டது. அப்பாவின் சுயார்ஜிதத்தில் வாரிசாக வந்த பங்குக்கு இந்தத் தடை இல்லை; குறிப்பிட்ட ஒருவருக்கு விடலாம். சொத்து எந்த வகை என்பது தாய்ப்பத்திரத்தை (சொத்து முதலில் எப்படி வந்தது என்று காட்டும் மூலப் பத்திரத்தை) பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, மைனர் பங்கு. அண்ணன் இறந்துபோய், அவர் பிள்ளைக்கு வாரிசாகப் பங்கு வந்திருந்தால், தாய் கார்டியனாகக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத பத்திரத்தை, அந்தப் பிள்ளை 18 வயதாகி 3 ஆண்டுக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். வாங்குகிறவரின் வங்கி கடன் தர மறுப்பதற்கு இது ஒன்றே போதும்.

பதிவு செய்யாத கூர்சீட்டு (பங்கு பிரித்ததை எழுதிய குடும்பச் சீட்டு) பற்றி ஒரு வார்த்தை. முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை நினைவுக்காக எழுதிவைத்தால் பதிவு தேவையில்லை. "இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதினால் கட்டாயப் பதிவு. அதிலும் பிதுரார்ஜிதத்தில் மகள்களின் உரிமைக்கு எதிராக, 20-12-2004-க்குப் பிந்தைய பதிவில்லாத பிரிவினை பொதுவாக நிற்காது. 2020-இல் உச்ச நீதிமன்றம், அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று சொன்ன பிறகு, தங்கையை விட்டுவிட்டு எழுதிய கூர்சீட்டை நம்பி நிலம் வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

செட்டில்மென்ட்

தன் பெயரில் தனியாக உள்ளதை, கைமாறு இல்லாமல், உயிரோடு இருக்கும்போதே கொடுக்க இது நல்ல வழி. அம்மா தன் பங்கை மகளுக்குக் கொடுப்பது போன்ற இடத்தில் பொருந்தும். இரண்டு சாட்சிகள், பதிவு, பெறுபவரின் ஏற்பு மூன்றும் வேண்டும். எழுதிவிட்டு மனம் மாறினால் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. அதனால் பெற்றோருக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், வாழ்நாள் அனுபவ உரிமையையும் வைத்துக்கொள்ளுங்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவில் நிவாரணம் கேட்க அந்த ஒரு வரி பெரும்பலம்.

ஒத்துவராதபோது: வழக்கு, அல்லது பங்கை விற்பது

ஒருவர் கையெழுத்திட மறுத்தாலும் பாகப்பிரிவினை வழக்கு தடைபடாது. அதன் ஒரே பலம் அதுதான். பலவீனம் காலம். முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கு விகிதத்தை மட்டுமே சொல்லும். பிறகு ஆணையர் அளந்து அறிக்கை தந்து, இறுதித் தீர்ப்பாணை வந்து, அது முத்திரைத்தாளில் எழுதப்பட்டால்தான் துண்டு கையில் வரும். முதல்நிலையோடு ஜெயித்துவிட்டதாக நினைத்துப் பல வருடம் சும்மா இருந்துவிடுகிறவர்கள் ஏராளம். சிறிய வீடு, பிரிக்கவே முடியாது என்றால் பாகப்பிரிவினைச் சட்டம் 1893-இன்படி, பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். மற்றப் பங்குதாரர்கள் மதிப்பீட்டு விலைக்கு அந்தப் பங்குகளை வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம்.

பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்பதைக் கடைசித் தேர்வாகக்கூடச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. விற்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால், வாங்கியவர் உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்க உரிமை இல்லை. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், வீட்டார் மதிப்பீட்டு விலைக்கு அவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம். இது தெரிந்தவர்கள் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

எந்த வழியில் போனாலும், கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். பாகப்பிரிவினை என்றால் அதோடு நிற்காமல் உட்பிரிவுக்கு (சர்வே எண்ணைத் துண்டுவாரியாகப் பிரிக்க) விண்ணப்பித்துத் தனிப்பட்டா வாங்குங்கள். கூட்டுப்பட்டாவாகவே விட்டுவைத்தால், உங்கள் துண்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் மறுபடி எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தையும் கேட்பார்.