பழைய எச்61 மதர்போர்டுல இன்டெல் ஐ7 3770 ப்ராசஸர், தாராளமா போடலாம் ஆனா ஒரு விஷயம்
சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் ஐ7 3770 வாங்கி 2011ல எடுத்த எச்61 போர்டுல மாட்டினேன், சாக்கெட் (ப்ராசஸர் உக்கார்ற இடம்) அதே 1155தான், கச்சிதமா உக்காந்துச்சு, ஆனா ஃபேன் மட்டும் சுத்துது ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரல. அப்புறம்தான் புரிஞ்சுது, இந்த ப்ராசஸர் வந்ததே 2012ல, பயாஸ (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடற, போர்டுலயே இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணாம அந்த போர்டுக்கு இத அடையாளமே தெரியாது. முன்னாடி இருந்த பழைய ஐ3 ப்ராசஸர திரும்ப மாட்டி புது பயாஸ் ஏத்தினதும் உடனே பூட் ஆச்சு. 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்துல 8 வேலைய ஓட்டும்), வீடியோ எடிட்டிங்ல ஐ3க்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்ங்க! பழைய ப்ராசஸர முன்னாடியே வித்துடாதீங்க, வாங்கறதுக்கு முன்ன உங்க போர்டோட சிபியு சப்போர்ட் லிஸ்ட்ட (எந்தெந்த ப்ராசஸர் அதுல ஓடும்ங்கற பட்டியல) பாத்துருங்க. ஐ7 4770 சீப்பா கிடைக்குதுன்னு எடுத்துடாதீங்க, அது 1150 சாக்கெட், இதுல உக்காராது.