பெரியப்பாவா, சித்தப்பாவா: குணமும் ஓட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், ஒட்டுக்கடையில் ஒரே மேசையில் இருவர். பெரியப்பா கோயில் கணக்கை இன்னும் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில்தான் எழுதுவார். பத்து காசு இடித்தாலும் மறுபடி கூட்டுவார். சித்தப்பா, கடையில் புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாக வாங்கிப் பாதியில் வைத்துவிடுவார்.

உளவியல் சொல்லும் ஐந்து பெருங்குணங்களில் மூத்தவருக்குப் பொறுப்புணர்வு தூக்கல், இளையவருக்குப் புதுமை நாட்டம். மேலைநாட்டு ஆய்வுகளில் முதல் வகையினர் அரசியலில் மரபு, கட்டுப்பாடு பக்கம் சாய்கிறார்கள். இரண்டாம் வகையினர் மாற்றத்தின் பக்கம். 2008இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அறைக்குள்ளேயே எட்டிப் பார்த்தது: மரபுவாதிகளின் அறையில் நாட்காட்டியும் தபால்தலையும், மற்றவர்களிடம் பலவகைப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும். பெரியப்பா வீட்டில் நாட்காட்டி மட்டும் மூன்று!

ஆனாலும் இந்தத் தொடர்பு மெலிந்த நூல்தான். பால்மரம் வெட்டி வளர்ந்தவர்களுக்குச் சம்பளமும் தோட்டத்து லயத்து வீடும் குணத்தைவிடக் கனமானவை என்பது என் கணிப்பு. 1974 முதல் இத்தொகுதியை வைத்திருந்த, அன்றைய ஆளுங்கூட்டணியின் சாமிவேலு 2008 பொதுத்தேர்தலில் தோற்றார். சித்தப்பா யாருக்குப் போட்டார் என்று ஊருக்கே தெரியும். பெரியப்பா இன்றுவரை வாய் திறக்கவில்லை.